நீலப் பேனையால எழுதின கியூ

போன மாசம் அக்காவின்ர மகள் கொப்பியோட வந்து, "சித்தி, டபிள்யூ வாற சொல் பத்துச் சொல்லுங்கோ, ஆனா முதலெழுத்தா வரக்கூடாது, நடுவில இல்லாட்டிக் கடைசியில வரவேணும்" எண்டு கேட்டாள். ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள், ஸ்கிரபிள் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கிறாள், இங்கிலீஸ் எழுத்து மட்டையளைப் பலகைக் கட்டத்தில அடுக்கிச் சொல் கட்டிப் புள்ளி எடுக்கிற விளையாட்டு அது. நான் உடன சொல்லேல்ல, முதல் நீ சொல்லு பிள்ளை எண்டு விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருந்தனான். கௌ எண்டாள், நியூ எண்டாள், வின்டோ எண்டாள், பிறகு கனநேரம் யோசிச்சு லாங்குவேஜ் எண்டாள். லாங்குவேஜைக் கேக்கேக்க டபிள்யூ மாதிரித்தான் இருக்கும், எழுதிப் பாத்தால் அங்க நிக்கிறது யூ. அதே நேரம் ஒவ்வொரு நாளும் பத்துத் தரம் எழுதுற ஆன்சர் எண்ட சொல்லில டபிள்யூ இருக்குது, எண்ணுற ரூவில இருக்குது, வாளுக்குச் சொல்லுற சோர்ட்டில இருக்குது, அது ஒண்டும் அவளுக்கு வரேல்ல. ஏனெண்டால் அதுகளில டபிள்யூ சத்தம் போடாது.

இதைப் பாத்த உடன எனக்கு 30 வருசத்துக்கு முந்தின எங்கட விறாந்தை ஞாபகம் வந்திட்டுது. நானும் இப்பிடித்தான் தேடினனான், காதால. எங்களுக்கு அது இயல்பு, தமிழில ஒரு சொல்லைக் கேட்டால் எழுதலாம், எழுதினதைப் பாத்தால் அப்பிடியே வாசிக்கலாம், எழுத்தும் சத்தமும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டுதான் வரும். இங்கிலீசில எழுத்து ஒரு பக்கம் நிக்கும் சத்தம் இன்னொரு பக்கம் போகும். அதால ஒரு எழுத்து வாற சொல்லைத் தேடுறதெண்டால் காதைக் கொஞ்சம் பொத்திக்கொண்டு கண்ணால தேடவேணும். இதை எனக்குச் சொல்லித்தந்தது மாமா.

(எழுத்துகளின்ர பேரை நான் எங்கட ஊர் வழக்கத்திலதான் எழுதுறன், ரீச்சருக்கு முதல் வாறது ரீ, டொக்டருக்கு முதல் வாறது டி. மாறி வாசிச்சிடாதேங்கோ, கீழ சொல்லுற கணக்கெல்லாம் பிழைச்சிடும்.)

மாமா எண்டது அம்மாவின்ர தம்பி. கொழும்பில கந்தோர் ஒண்டில கிளாக்கரா இருந்தவர், 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வேலையை விட்டிட்டு கொக்குவிலுக்கு வந்திட்டார். கந்தோரில மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஸ்கிரபிள் விளையாடிப் பழகினவர். 90க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, ரேடியோ கேக்கிறதெண்டாலும் சைக்கிளைத் திருப்பி வைச்சு டைனமோவைச் சுத்தவேணும், மண்ணெண்ணெய் விக்கிற விலையில ஜாம் போத்தல் விளக்குத்தான், இருட்டினால் படிக்கவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது. 92 ஆம் ஆண்டெண்டு நினைக்கிறன், ஒருநாள் மாமா பழைய சப்பாத்துப் பெட்டி மட்டையளை எடுத்து வைச்சு ஸ்கிரபிள் செய்யப்போறன் எண்டார்.

பலகை சுகம், 15க்கு 15 கட்டம் கீறினால் சரி, மொத்தம் 100 எழுத்து எண்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது, ஏழு எழுத்துக் கையில வைச்சிருக்கிறது, ஏழையும் ஒரேயடியா வைச்சால் 50 புள்ளி கூட வரும் எண்டதும் ஞாபகம். ஆனா எந்த எழுத்து எத்தினை எண்டது ஞாபகமில்லை. ஆரிட்டையும் கேக்கவும் வழியில்லை. அதுக்கு மாமா செய்த வேலையை இண்டைக்கு நினைச்சாலும் எனக்குப் புல்லரிக்கும். பழைய இங்கிலீஸ் பேப்பர் ஒண்டை எடுத்து விரிச்சு, ஒரு பந்தியில இருந்து 1000 எழுத்தை அளந்து கோடு போட்டிட்டு, அக்காவையும் என்னையும் இருத்தி எண்ணச்சொன்னார். நான் ஏயில இருந்து எம் வரைக்கும், அக்கா என்னில இருந்து இசட் வரைக்கும். கொப்பியில 26 வரி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி, காணக் காணக் குச்சி போட்டு அஞ்சாவது குச்சியைக் குறுக்க போடுறது. ஈயின்ர வரி கொப்பியின்ர மற்றக்கரை வரைக்கும் போய் அடுத்த வரிக்கு இறங்கிச்சுது. பத்தால பிரிச்சுப் பாத்தால் 100 எழுத்துக்கு 12 ஈ, 9 ரீ, 8 ஏ, எஸ்ஸும் எச்சும் ஆறாறு. கியூ, ஜே, எக்ஸ், இசட் எல்லாம் ஒண்டு கூடத் தேறாது, அதுகளுக்கு ஒவ்வொண்டு எண்டு மாமா கருணை காட்டினார். குறைய வாறதுக்குக் கூடப் புள்ளி, கூட வாறதுக்கு ஒரு புள்ளி.

கனகாலத்துக்குப் பிறகு, ஏ ஒன்பது ரோட்டு திறந்து ஆக்கள் போய்வரத் தொடங்கின நேரம், கனடாவில இருந்து சொந்தக்காரர் ஒராள் உண்மையான ஸ்கிரபிள் பெட்டி ஒண்டு கொண்டுவந்து தந்தவர். திறந்த உடன நான் முதல் செய்தது ஈயை எண்ணினதுதான். 12. அதே 12. பிறகுதான் அந்தக் கதையைத் தேடி வாசிச்சனான். இதைக் கண்டுபிடிச்ச அல்ஃப்ரெட் பட்ஸ் எண்டவர் அமெரிக்காவில ஒரு கட்டடக் கலைஞர், 1930களில அங்க பொருளாதாரம் விழுந்த நேரம் வேலை போய் வீட்டில இருந்தவர், அவரும் நியூயோர்க் ரைம்ஸ் பேப்பரின்ர முன்பக்கத்தை வைச்சுத்தான் எழுத்து எண்ணியிருக்கிறார். ஸ்கிரபிள் எண்ட பேர் 1948 இலதான் வந்தது, அதை வைச்சது ஜேம்ஸ் புரூனோ எண்ட இன்னொருத்தர். அங்க வேலையில்லாமல் இருந்த ஒருத்தரும் இஞ்ச கரண்ட் இல்லாமல் இருந்த ஒருத்தரும் ஒரே மாதிரிப் பேப்பரை விரிச்சு வைச்சுக் குச்சி போட்டிருக்கினம் எண்டதை மாமாவுக்குச் சொன்னன், அவர் கொஞ்சநேரம் ஒண்டும் பேசேல்ல.

முக்கியமா ரெண்டு இடத்தில மாமாவின்ர கணக்கு உண்மையான பெட்டியோட ஒத்துவரேல்ல, அதுவும் படிக்கவேண்டிய விசயம். பட்ஸ் எஸ்ஸை 4 ஆகக் குறைச்சிட்டார், ஏனெண்டால் எஸ் கனக்க இருந்தால் எல்லாரும் ஆற்றையோ சொல்லுக்கு வாலில எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி எடுத்துக்கொண்டு போயிடுவினம். மற்றது எச். பேப்பரில எச் கனக்க வாறதுக்குக் காரணம் அந்த "த", "தற்", "திஸ்" எண்ட சின்னச் சொல்லுகள் வரிக்கு வரி வாறதுதான், வேற வேற சொல்லுகளை மட்டும் எண்ணினால் எச் அவ்வளவு வராது, பெட்டியில 2 தான். எங்கட மட்டைப் பெட்டியில 6 எச். அதால எங்களுக்கு ஒரு நன்மை கிடைச்சுது, எச் எப்பவும் கையில இருக்கும், அதை எந்த எழுத்தோட சேர்க்கலாம் எண்டு யோசிச்சு யோசிச்சு சீ எச், எஸ் எச், ரீ எச், ஜீ எச், டபிள்யூ எச் எண்ட சோடியள் கண்ணில பதிஞ்சு போச்சுது. இண்டைக்கும் எச் கண்டால் நான் தனிய யோசிக்கமாட்டன், அதுக்குச் சோடி இருக்கோ எண்டுதான் முதல் பாப்பன்.

சொல் சரியோ பிழையோ எண்டு பாக்க மாமாவிட்ட மட்டை பிஞ்ச ஒக்ஸ்ஃபோர்ட் அகராதி ஒண்டு இருந்தது. அகராதியில ஒரு குறை, முதலெழுத்துத் தெரிஞ்சால்தான் தேடலாம். இசட்டில தொடங்கிற சொல் வேணுமெண்டால் கடைசி ரெண்டு பக்கத்தைத் திருப்பினால் சரி, நடுவில இசட் வாற சொல் வேணுமெண்டால் முழு அகராதியையும் பாக்கவேணும். சரி, பாப்பம் எண்டார் மாமா. ஒரு சீஆர் கொப்பியை நாலாப் பிரிச்சு கியூ, ஜே, எக்ஸ், இசட் எண்டு தலைப்புப் போட்டு, நாளுக்கு ரெண்டு பக்கம் அகராதியை வாசிக்கிறது, அந்த எழுத்து நடுவில வாற தெரிஞ்ச சொல் கண்டால் எழுதுறது. தெரியாத சொல் வேண்டாம் எண்டுவார், பொருள் தெரியாமல் எழுதினது தங்காது எண்டு. அந்தக் கொப்பியில கியூவுக்குக் கீழ முதல் பக்கத்தில எழுதினதுகள் எனக்கு இப்பவும் பாடம், சமனுக்குச் சொல்லுற ஈக்குவல், நீர்மத்துக்கு லிக்குயிட், அணிலுக்கு ஸ்குயிரல், நுளம்புக்கு மொஸ்கிற்றோ, பள்ளிவாசலுக்கு மொஸ்க், பூச்செண்டுக்கு பூக்கே, வங்கியில மாத்துற செக். முதல் மூண்டையும் காதாலயே பிடிக்கலாம், "க்வ" எண்டு கேக்கும். பிறகு வாறதுகளை ஏலாது, அதுகள் வெறும் "க்" எண்டுதான் கேக்கும். நுளம்பு கடிச்சுக் கடிச்சு இருந்த காலத்திலயும் மொஸ்கிற்றோவுக்குள்ள கியூ இருக்கெண்டு எனக்கு ஒருநாளும் தோன்றேல்ல.

கியூ எண்ட சொல்லையே எடுங்கோவன், சங்கக்கடையில நாங்கள் நிக்காத நாளில்லை. அதின்ர எழுத்து கியூ, யூ, ஈ, யூ, ஈ. முதல் எழுத்தின்ர பேரைச் சொன்னால் சொல் முடிஞ்சுது, மற்ற நாலும் பேசாமல் பின்னால வரிசையில நிக்குதுகள். மாமா இதைச் சொன்ன நாளில இருந்து எனக்கு அந்த எழுத்துக்கூட்டு பிழைச்சதே இல்லை.

அகராதியை இப்பிடி வாசிக்கேக்கதான் ஒருநாள் சீயில ஷெரூற் எண்ட சொல் கண்டம், சுருட்டு எண்டு பொருள், தமிழில இருந்து வந்தது எண்டு பக்கத்தில போட்டுக் கிடக்குது. எங்கட அப்பப்பா கொக்குவிலில சுருட்டுக் கொட்டிலில இருந்து சுருட்டுச் சுத்தினவர். அந்தச் சொல் இங்கிலீஸ் அகராதியில இருக்கு, அதுவும் ஏழு எழுத்து, சீ, எச், ஈ, ஆர், ஓ, ஓ, ரீ, ஒரேயடியா வைச்சால் 50 புள்ளி! அண்டைக்கு மாமா அம்மாவைக் குசினியில இருந்து கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினவர். கட்டுமரத்தில இருந்து போன கற்றமரானும் இருக்கு, மிளகுதண்ணியும் இருக்கு, அது எழுத்துக் கனக்க எண்டதால விளையாட்டில வைக்கிறது கஷ்டம்.

95 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட மாதிரித்தான் நாங்களும் வெளிக்கிட்டனாங்கள். அந்த இரவைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் இது வேற கதையாப் போயிடும். எழுத்துகள் ஒரு பால்மாப் பேணிக்குள்ள இருந்தது, அம்மா பேணியில சீனி கொண்டுபோகவேணும் எண்டு எழுத்தை ஒரு சீலைத்துண்டில முடிஞ்சு என்ர கையில தந்தா. நாவற்குழி தாண்டி, கைதடி தாண்டி, மட்டுவிலுக்குப் போய்ச் சேர்ந்து ரெண்டு மூண்டு நாளால அவிட்டு எண்ணினால் 99. கியூவைக் காணேல்ல. 96 இல திரும்பி வந்தாப் பிறகு மாமா புது மட்டையில ஒரு கியூ வெட்டினார். மற்றதெல்லாம் கறுப்பு மையில எழுதினது, அப்ப வீட்டில இருந்தது நீலப் பேனை ஒண்டுதான், மட்டையும் கொஞ்சம் வெள்ளை. அதால ஆற்ற கையில கியூ இருக்கெண்டு பின்பக்கத்தைப் பாத்தே எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சால் என்ன செய்வினம், இங்கிலீசில கியூவுக்குப் பின்னால அநேகமா யூ வரவேணும், அந்த யூவைப் பிடிச்சு வைச்சிருப்பினம், விடமாட்டினம். இந்த நெருக்கடியிலதான் யூ இல்லாத கியூ தேடினனாங்கள்.

யூ இல்லாமல் கியூ வாற சொல்லுகள் அநேகமா இங்கிலீசுக்கு வெளியில இருந்து வந்ததுகள். மாமாவுக்கு ஐஞ்சு சந்தியடியில தைக்கிற கடை வைச்சிருந்த கூட்டாளி ஒருத்தர் இருந்தவர், 90 ஒக்டோபரில சோனகதெரு முஸ்லிம் சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டதோட அவரும் போயிட்டார். பக்கீர், நிக்காப், தலாக் எண்டு மாமா கூட்டாளி வீட்டில கேட்ட சொல்லுகளை ஒவ்வொண்டா நினைவில எடுத்து எழுதினவர், இதுக்கெல்லாம் கியூ போட்டு எழுதுற எழுத்துக்கூட்டு இருக்கெண்டு. மூண்டும் ஸ்கிரபிள் சொற்பட்டியலில இருக்கு எண்டதை நான் பிறகு பாத்து உறுதிப்படுத்தினனான். விளையாடுறவை கட்டாயம் தெரிஞ்சிருக்கவேண்டியது இன்னும் ஒண்டு இருக்கு, கியூவும் ஐயும் மட்டும் சேர்ந்த கி, உயிர்ச்சக்திக்குச் சீனாக்காரர் சொல்லுற சொல். இந்த ரெண்டெழுத்து தெரிஞ்சால் கியூ கையில வந்த உடன நெஞ்சு பதறாது.

இனி அக்காவின்ர மகளோட நான் செய்யிறதைச் சொல்லுறன், இதை ஆரும் வீட்டில செய்யலாம், பெட்டி இல்லாட்டி மட்டையில வெட்டியே செய்யலாம்.

அவளுக்கு வெளியில ஒரு வகுப்பில 1000 சொல் அச்சடிச்ச தாள்க்கட்டு ஒண்டைக் குடுத்துப் பாடமாக்கிக்கொண்டு வா எண்டு விட்டிருக்கினம். பிள்ளை மூண்டு நாள் அதை வைச்சு அழுதது. பாடமாக்கிறது பிழை எண்டு நான் சொல்லேல்ல, நைஜல் ரிச்சர்ட்ஸ் எண்ட நியூசிலாந்துக்காரர் 2015 இல பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் போட்டியில வெண்டவர், அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது, சொற்பட்டியலை மனசில ஏத்திக்கொண்டு போய் வெண்டவர், 2024 இல ஸ்பானிசிலயும் அப்பிடியே. அது அவரால ஏலும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு முதல் தேடப் பழக்கவேணும், தேடிக் கண்டது தன்ரை பாட்டில பாடமாகும்.

முதல் வேலை, எழுத்தை நேர்வரிசையில வைக்கவிடாதேங்கோ. வரிசையில வைச்சால் கண் அதையே ஒரு சொல் மாதிரி வாசிக்கத் தொடங்கும், பிறகு அதை உடைக்கிறது கஷ்டம். நாங்கள் பாயில வட்டமாப் பரப்பி வைப்பம், உயிரெழுத்து நடுவில, மற்றதுகள் சுத்திவர. கையும் சும்மா இருக்கக்கூடாது, ஒவ்வொண்டாத் தள்ளித் தள்ளிப் பாக்கவேணும். மூளைக்கு வராத சொல் சிலவேளை விரலுக்கு வரும், நான் எத்தினையோ தரம் கண்டிருக்கிறன்.

அடுத்தது வாலைக் கழட்டுறது. முழுச் சொல்லையும் ஒரேயடியாத் தேடப்போனால் வராது, முடிவில வரக்கூடியதை முதல் எடுத்து ஒரு பக்கம் வைக்கவேணும், ஐ என் ஜீ இருக்கோ, ஈ ஆர் இருக்கோ, ஈ டி இருக்கோ, எல் வை இருக்கோ. ஏ, டி, ஈ, ஜீ, ஐ, என், ஆர் எண்டு ஏழு எழுத்து வந்தால் முழிக்கிற பிள்ளை, ஐ என் ஜீயை எடுத்து வைச்ச உடன மிச்சம் நாலில ரீட் எண்ட சொல்லைக் கண்டிடும், சேர்த்தால் ரீடிங். ஏழு எழுத்துத் தேடுறது கஷ்டம், நாலு எழுத்துத் தேடுறது ஆருக்கும் ஏலும்.

மூண்டாவது நான் கனக்க நேரம் செலவழிச்ச விசயம், கண்ட சொல்லோட நிக்காமல் அதே எழுத்தில வேற சொல் இருக்கோ எண்டு பாக்கிறது. சின்னதில தொடங்கினனாங்கள், ஏ, ஈ, ரீ மூண்டையும் குடுத்தன். சாப்பிடுறதுக்கு ஈற், சாப்பிட்டு முடிஞ்சதுக்கு எயிற், பிறகு குடிக்கிற தேத்தண்ணிக்கு ரீ. மூண்டும் அதே மூண்டு எழுத்து, காதுக்கு ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை. பிறகு எஸ், ரீ, ஓ, பி குடுத்தன், ஸ்ரொப், போஸ்ற், ஸ்பொற், பொற்ஸ், ரொப்ஸ், ஒப்ற்ஸ் எண்டு ஆறு வந்தது, ஆறாவதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ரெண்டு நாள் எடுத்தது, நான் சொல்லிக்குடுக்கேல்ல.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லவேணும். அவளின்ர கையில ஏழு எழுத்து, உடன கண்டிட்டாள், ரீச்சர்! அம்மாவும் ரீச்சர் எண்டபடியால் அந்தச் சொல் அவளுக்கு நித்திரையிலயும் தெரியும். ஆனா வைக்க இடமில்லை. பலகையின்ர வலது ஓரக் கட்டத்தில மேலயிருந்து கீழ பிளான் எண்டு கிடக்குது, ஏழு எழுத்து வைக்கிறதெண்டால் அதுக்குக் கீழ இருக்கிற வரிசைதான் வெறுமை, அப்ப சொல்லின்ர கடைசி எழுத்து பிளானுக்குக் கீழ போய் ஒட்டும். ரீச்சரின்ர கடைசி எழுத்து ஆர், பிளானோட ஆர் ஒட்டினால் சொல்லில்லை. முகம் வாடிப்போச்சுது. நான் கேட்டன், பிளானுக்குக் கீழ என்ன வரலாம் பிள்ளை? உன்ர கையில இருக்கிறதுக்குள்ள பார். ஈ வந்தால் பிளேன் எண்டாள். சரி, அப்ப ஒரு ஈயைக் கடைசியில வைச்சிட்டு மிச்சம் ஆறையும் பார் எண்டன். ரீ, ஈ, ஏ, சீ, எச், ஆர். சீற்றர் எண்டாள், ஏமாத்துறவன், அதுவும் அதே ஏழெழுத்துத்தான், ஆனா அதுவும் ஆரிலதான் முடியுது. நான் பேசாமல் இருந்தன். ஈக்கு முன்னால ஒவ்வொண்டாத் தள்ளினாள், ரீ ஈ, சீ ஈ, ஆர் ஈ. ஆர் ஈக்கு முன்னால ஏ வைச்சாள், ஏ ஆர் ஈ. மிச்சம் ரீ, ஈ, சீ, எச் நாலும் பாயில கிடக்குது. எச்சை முன்னால கொண்டுபோனாள், ஈயைப் பக்கத்தில வைச்சாள், கை அப்பிடியே நிண்டிட்டுது.

"சித்தி, இது ஹெக்டெயர்!"

கணக்குப் பாடத்தில அவள் எத்தினை தரம் எழுதியிருப்பாள், ஒரு ஹெக்டெயர் 10,000 சதுர மீற்றர் எண்டு. தமிழில படிக்கிற பிள்ளைக்கு அது டெயர் எண்டு கேக்கிற சொல், இங்கிலீசில ஏ ஆர் ஈயில முடியுமெண்டு காது ஒருநாளும் சொல்லித் தராது. அந்தச் சொல் அவளுக்குள்ளதான் இருந்தது, வாசல் தெரியேல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உதவும், கையில இருக்கிற எழுத்துகளை அகரவரிசையில அடுக்கி கொப்பியில ஒரு கரையில எழுதி, எதிர்ப்பக்கத்தில அதில வாற சொல்லுகளை எழுதுறது. ரீச்சரையும் ஹெக்டெயரையும் அடுக்கினால் ரெண்டும் ஏ, சீ, ஈ, ஈ, எச், ஆர், ரீ எண்டு ஒரே வரியாத்தான் வரும். அடுத்த முறை அந்த ஏழும் கையில வந்தால் அடுக்கின உடன ஞாபகம் வரும், ஒரே எழுத்தோ எண்டு சந்தேகப்பட்டு எண்ணவும் தேவையில்லை. போட்டிக்குப் போற பெரிய ஆக்களும் இப்பிடி அடுக்கித்தான் பாடமாக்கினம்.

ரெண்டெழுத்துச் சொல்லுகள் 120க்கு மேல இருக்கு, அதை மட்டும் நான் பாடமாக்க விட்டனான், தேடிக் கண்டுபிடிக்கிற சரக்கில்லை அது. உயிரெழுத்து வராமல் போற நேரத்துக்கு வையை நம்பவேணும், ஜிம், மித், ஹிம், லிங்ஸ், ரிதம், இதெல்லாத்திலயும் உயிருக்குப் பதிலா வைதான் நிண்டு சத்தம் குடுக்குது.

போனில தேடுறதைப் பற்றியும் சொல்லோணும், கனபேர் அதைத்தான் கேக்கிறவை. வன்லுக் எண்ட இணைய அகராதி இருக்கு, அதில தெரியாத ஒரு எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, எத்தினை எழுத்தெண்டு தெரியாத இடத்துக்கு ஒரு நட்சத்திரக்குறி போடலாம். ரெண்டாவது எழுத்து எக்ஸ், மொத்தம் நாலெழுத்து வேணுமெண்டால் கேள்விக்குறி, எக்ஸ், பிறகு ரெண்டு கேள்விக்குறி, எக்சாம், எக்சிற், அக்சிஸ், அக்சில், ஒக்சன் எல்லாம் வந்து நிக்கும். எங்கயாவது நடுவில இசட் வேணுமெண்டால் இசட்டுக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரம். மாமா ரெண்டு வருசம் எடுத்துச் செய்த கொப்பியை இது ரெண்டு வினாடியில செய்யுது, நான் அதைக் குறை சொல்லமாட்டன், எங்களுக்கு இருந்திருந்தால் நாங்களும் பாவிச்சிருப்பம். ஆனா மகளுக்கு ஒரு சட்டம் வைச்சிருக்கிறன். முதல் தன்ரை தலையில இருந்து எழுதவேணும், பேனை நிக்கிற வரைக்கும். பிறகு போனில தேடி, தனக்குத் தெரிஞ்சிருந்தும் வராமல் போன சொல்லுகளுக்கு மட்டும் சிவப்பில கோடு. தெரியாத சொல்லுக்குக் கோடு இல்லை. இசட்டுக்குச் செய்தம், அவள் எழுதினது சூ, ஸீரோ, ஸீப்ரா, லேசி, பசில். சிவப்புக் கோடு விழுந்தது டசின், சைஸ், பரிசுக்குச் சொல்லுற பிரைஸ், லிசார்ட். அதோட ரோஸ், ஈசி, மியூசிக் எண்டு மூண்டு எழுதிப் பிறகு தானே வெட்டியிருந்தாள், அதுகளில கேக்கிறது இசட், எழுத்து எஸ். ஒரு மாசத்துச் சிவப்புக் கோடுகளைச் சேர்த்துப் பாத்தம், பாதிக்கு மேல சத்தம் மாறி வாற சொல், இல்லாட்டி அந்த எழுத்துச் சத்தமே போடாத சொல். இப்ப கொப்பியில பிந்தின பக்கங்களில சிவப்பு குறையுது, அவளே எண்ணிக்கொண்டு வந்து காட்டுறாள்.

22 ஆம் ஆண்டு நாட்டில பொருளாதாரம் விழுந்து, மார்ச் கடைசியில ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நேரம்தான் மட்டைப் பெட்டியைத் திரும்ப எடுத்தனாங்கள். புதுப் பெட்டி இருக்கத்தக்கதா ஏன் பழசு எண்டு மகள் கேட்டாள், அப்ப அவள் சின்னன். அது மாமா வீட்டில இருந்தது, மாமா வீட்டுக்குப் போனால் அதுதான்.

மாமாவுக்கு இப்ப கண் சரியாத் தெரியாது, ஒபரேசன் செய்தும் அவ்வளவு தெளிவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில மகளைக் கூட்டிக்கொண்டு போவன். அவள் அவரின்ர கையில இருக்கிற எழுத்துகளை ஒண்டொண்டா வாசிச்சுச் சொல்லுவாள், பலகையில எங்கை என்ன கிடக்கெண்டும் சொல்லுவாள். காதாலதானே இனி அவருக்குத் தேட ஏலும் எண்டு நான் நினைச்சிருந்தனான். போன கிழமைதான் கவனிச்சன், அவள் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல மாமா சாரத்துக்கு மேல, தொடையில, சுட்டுவிரலால அந்த எழுத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதுறார், உள்ளங்கையால அழிக்கிறார், வேற இடத்தில எழுதுறார். கனநேரம் அப்பிடி எழுதி அழிச்சுப்போட்டுத் தலையை நிமிர்த்தி, "கியூ ஆரிட்ட மோனை?" எண்டு கேட்டார். மகள் மட்டையளைத் திருப்பிப் பாத்திட்டு, "உங்களிட்டத்தான் தாத்தா, நீலம், நான் இன்னும் வாசிக்கேல்ல" எண்டாள்.